ரா டிவைஸிலிருந்து ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றியபின் கமிட் இழுக்கிறது

ஆரக்கிள் 11.2.0.4, லினக்ஸ், டேட்டாபேஸ் 900 ஜிபி. அடுத்த பதிப்பான 12சி-யில் ரா டிவைஸுக்கு (ஃபைல் சிஸ்டம் இல்லாமல் டேட்டாபேஸ் நேரடியாக எழுதும் டிஸ்க்) ஆதரவு இல்லை என்பதால், அப்கிரேடுக்கு முன் சனிக்கிழமை இரவு எல்லாவற்றையும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றினேன். ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் இமேஜ் காப்பி எடுத்து, டேட்டாபேஸை அந்தக் காப்பிக்கு ஸ்விட்ச் செய்தேன். புது ரீடோ (மாற்றங்களைப் பதிவு செய்யும் லாக்) குரூப்களைச் சேர்த்துப் பழையவற்றை நீக்கினேன். டேட்டா முழுசாக வந்துவிட்டது, அதில் நிம்மதி.

ஆனால் திங்கள் காலையிலிருந்து 2 மில்லி செகண்டில் முடிந்த கமிட்டுக்கு (மாற்றங்களை நிரந்தரமாக்குவது) 30 மில்லி செகண்ட் ஆகிறது. ஆரக்கிளின் செயல்திறன் அறிக்கையான ஏடபிள்யூஆர் ரிப்போர்ட்டில் 'லாக் ஃபைல் சிங்க்' (ரீடோ டிஸ்க்கில் எழுதி முடியும்வரை கமிட் காத்திருப்பது) காத்திருப்புதான் முதலிடம். ஓஎஸ் கேஷ் குறுக்கே வருகிறதோ என்று ஃபைல்சிஸ்டம்ஐஓ ஆப்ஷனை 'செட்ஆல்' ஆக்கி (ஓஎஸ் கேஷைத் தவிர்க்கும் அமைப்பு) ரீஸ்டார்ட் செய்தேன். படிப்பது வேகமானது, கமிட் அப்படியே. ரீடோ ஃபைல்களை 2 ஜிபி ஆக்கியும் பலனில்லை.

ரீடோவும் டேட்டா ஃபைல்களும் இப்போது ஒரே மவுண்டில் இருக்கின்றன. ரீடோவை மட்டும் தனி டிஸ்க்கில் தனி ஃபைல் சிஸ்டத்துக்கு மாற்றி யாருக்காவது இது சரியாகியிருக்கிறதா?