சீசர் 3 வாக்கர் ரேண்டமா? மக்கன்பேடாவுக்கு ஒரு கேள்வி

அகழி முதலை | இரவு 8:41
"சீசர் 3ல நடக்கிறவன் எல்லாம் கள்ளு குடிச்சவன் மாதிரி கண்ட பக்கம் போறான். வாக்கர் முழுக்க ரேண்டம். அதுக்குத்தான் ஃபாரோவுல ரோட்பிளாக் கொடுத்தாங்க." நேத்து ராத்திரி மக்கன்பேடா இதை எழுத, அதுக்குக் கீழ பன்னெண்டு பேர் கைதட்டியிருக்கீங்க. சீசர் 3, 1998ல வந்த ரோமானிய ஊர் கட்டுற கேம்; ஃபாரோ அதே ஆளுங்க பண்ண எகிப்து ஊர் கேம். வாக்கர்னா கட்டடத்துல இருந்து கிளம்பி ரோட்டுல நடந்து வீடுகளுக்குச் சேவை கொடுக்கிற ஆள், ரோட்பிளாக்னா அவங்களை மறிக்கிற தடுப்பு. இத்தனை வருஷம் ஆடியும் ஒரு மார்க்கெட்காரி எப்படி நடக்கிறான்னு பார்க்கலையா?

கட்டடத்தை விட்டு வெளிய வர்றப்போ அவளுக்கு ஒரு திசை இருக்கு. வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்குன்னு முறை வச்சு மாறும். அந்தத் திசையில எட்டு டைல் (தரையில ஒரு கட்டம்தான் டைல்) தள்ளி ஒரு இடத்தைக் குறி வச்சு, அதுக்குப் பக்கத்து ரோட்டுக்குப் போவா. அங்கிருந்து சுத்துவா. 26 டைல் ஆனதும் கிட்ட வழி பார்த்து வீட்டுக்குத் திரும்புவா. தீயணைக்கிற பிரிஃபெக்டும், கட்டடம் இடியாம பார்க்கிற இன்ஜினியரும் 43 டைல் வரைக்கும். இதுல எங்க ரேண்டம்?

மக்கன்பேடா | இரவு 8:53
வந்துட்டாரு வாத்தியாரு. நாலு திசை, எட்டு டைல், சரி. அப்பால சுத்துவான்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்ட பாரு, அங்கதான் கீது மேட்டர். நாலு ரோடு கூடுற எடத்துல அவ எந்தப் பக்கம் திரும்புவா? வலதா இடதா? சொல்லு.

அகழி முதலை | இரவு 8:58
சந்திப்பே போடாதே. சந்திப்பு போட்டது உன் தப்பு.

மக்கன்பேடா | இரவு 9:00
கேட்டது அது இல்ல. வலதா இடதா?

காட்பாடி ஜங்ஷன் | இரவு 9:04
அண்ணே ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். ரேண்டம்னா என்ன அர்த்தத்துல சொல்றீங்க? பகடை போட்ட மாதிரின்னா ஒண்ணு, நம்மால முன்கூட்டிச் சொல்ல முடியாதுன்னா வேற. அதைப் பேசி முடிச்சிட்டா பாதிச் சண்டை போயிடும்.

அகழி முதலை | இரவு 9:06
முழுசாச் சொல்றேன், படிச்சிட்டு வாங்க.

குடியிருப்புக்கு ஒரே ஒரு மூடின வளையம். சுத்தளவு 50 டைல் வச்சுக்கங்க. வளையத்துல கிளை ரோடு கிடையாது. மார்க்கெட், குளியல் கூடம், பள்ளிக்கூடம், டாக்டர் எல்லாம் இந்த வளையத்தைத் தொட்டு இருக்கணும். மார்க்கெட்காரி ஒரு பக்கமா 26 நடந்தா பாதி வட்டம், அதாவது 25, தாண்டிடும். அங்கிருந்து வீட்டுக்குக் கிட்ட வழி மறுபக்கமா 24. அதனால ஒரே நடையில முழு வட்டமும் முடிஞ்சிடும். எந்த வீடும் பட்டினி கிடக்காது.

இதே வளையத்தை 56 ஆக்கினா? பாதி 28. 26ல நின்னு வந்த வழியே திரும்பிடுவா. அடுத்த நடை மறுபக்கம் 26. நடுவுல மூணு டைல் தொடாமலே கிடக்கும். அங்க இருக்கிற வீடு தரம் ஏறும், சரக்கு தீர்ந்ததும் இறங்கும், மறுபடி ஏறும். நம்மாள் அதைப் பார்த்துட்டு "ரேண்டம் ரேண்டம்"னு கத்துவான்.

வெளியூர் ரோட்டை வளையத்தோட சேர்க்கிற இடத்துல கேட்ஹவுஸ், அதாவது கோட்டை வாசல் கட்டடம், ஒண்ணு. சுத்துற வாக்கர் அதைத் தாண்ட மாட்டான். சரக்கு வாங்கப் போறவ, தள்ளுவண்டிக்காரன், குடியேற வர்றவன், இவங்க எல்லாம் போற இடம் குறிச்சுக்கிட்டுப் போறவங்க, தாண்டிடுவாங்க. காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் மாதிரி. சுத்துறவ ஷேர் ஆட்டோ. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன்தான் ரோட்பிளாக் இல்லைன்னு அழுவான்.

கேட்ஹவுஸை வளையத்தோட ஒட்டியே வைக்கணும். நடுவுல ரெண்டு டைல் ரோடு விட்டீங்கன்னா அந்தச் சந்துக்குள்ள போய் முட்டித் திரும்புவா. போக ரெண்டு, வர ரெண்டு, 26ல நாலு வீண்.

கைலிக்கடை | இரவு 9:15
முதலை அண்ணே, 56 கணக்கு தப்பு. வாக்கர் நடக்கிற டைல்ல இருந்து ரெண்டு டைல் தூரம் வரைக்கும் சேவை போகும். 26ல நின்னாலும் 28ல இருக்கிற வீட்டுக்குச் சரக்கு கிடைக்கும். மறுபக்கத்துல இருந்தும் அதே. அந்த மூணு டைலும் அடங்கிடுது. 56 தாராளமா ஓடும்.

மக்கன்பேடா | இரவு 9:16
😂😂😂 வாத்தியாருக்கே டியூஷன்

அகழி முதலை | இரவு 9:19
நான் சொன்னது கால் படுற டைல். சேவை எட்டுறதைப் பத்தி நான் பேசவே இல்லை. 64 போட்டுப் பாரு கைலி. பாதி 32. ரெண்டு பக்கமும் 28 வரைக்கும்தான் எட்டும், நடுவுல ஏழு டைல் வறண்டு கிடக்கும். தத்துவம் அதேதான்.

கைலிக்கடை | இரவு 9:21
முதல்ல 56னு சொன்னீங்க.

அகழி முதலை | இரவு 9:22
தத்துவம் அதேதான்.

லாங் பஜார் | இரவு 9:25
நம்ம லாங் பஜார்ல சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மார்க்கெட்காரியை விட்டுப் பாருங்க. 26 டைல் வேணாம், ரெண்டு டைல் நகர்ந்தா பெருசு.

மக்கன்பேடா | இரவு 9:31
இன்னாபா, விஷயத்தை அழகா மாத்திட்ட. வளையம் போட்டா ஒழுங்கா நடக்கிறா, சரி. வளையம் ஏன் போடுற? சந்திப்புல விட்டா கண்டபடி போறான்னுதானே? அப்ப ரேண்டம்னு நீயே ஒத்துக்கினு, அதைத் தடுக்க வழி சொல்லிக்கினு கீற. கேட்ஹவுஸ்னா 2க்கு 2 எடம் தின்னும். ஃபாரோவுல ரோட்பிளாக்குக்கு ஒரே டைல். ரோட்டு மேலேயே வச்சா முடிஞ்சுது. கேம் பண்ணவங்களே தப்பு புரிஞ்சு அடுத்த வருஷமே, 1999ல, திருத்திக்கினாங்க.

இன்னொண்ணு. ஃபாரோ பஜாருக்கு "இந்தச் சரக்கை வாங்காதே"ன்னு உத்தரவு போடலாம். சீசர்ல அது கீதா? ஒயின் ஒரு மூட்டை குடோனுக்கு வந்துச்சுன்னா மார்க்கெட்காரி போய்த் தூக்கிக்கினு வந்துடுவா. நல்லா வேலை செஞ்சிக்கினு கீற கிராண்ட் இன்சுலா, 84 பேர் கீற வீடு, மத்ததெல்லாம் சரியா இருந்தா சின்ன வில்லாவா ஏறிடும். 40 பேர்தான் தங்குவான், அந்த 40 பேரும் வேலைக்குப் போக மாட்டான், துரைங்க. பத்து வீடு ஏறினா 840 பேர் கைய விட்டுப் போனான். பண்ணையில ஆள் இல்ல, பிரிஃபெக்சர்ல ஆள் இல்ல, ஊரே பத்திக்கினு எரியும்.

அகழி முதலை | இரவு 9:38
அந்த ஒயின் குடோனை வேற மூலையில, மார்க்கெட்காரி போற தூரத்துக்கு வெளிய வை. அவ்வளவுதான். வில்லாவுக்குத் தனி வளையம், தொழிலாளிக்குத் தனி வளையம். இதுகூடத் தெரியாம ஊர் எரியுதுன்னா பிரிஃபெக்ட் என்ன பண்ணுவான்? இது வேண்டாம்னா ஆகஸ்டஸ் போட்டுக்கோ. பழைய சீசர் 3 ஃபைல் கையில இருந்தா போதும், ரசிகர்கள் சீசர் 3ஐ மறுபடி எழுதின ஜூலியஸ்ல இருந்து பிரிஞ்சு வந்த ஆகஸ்டஸ்ல ரோட்பிளாக் இருக்கு, மார்க்கெட்டுக்கு உத்தரவு இருக்கு, எல்லாம் இருக்கு.

ஆனா வாக்கர் ரேண்டம் இல்ல.

மக்கன்பேடா | இரவு 9:39
வலதா இடதா?

காட்பாடி ஜங்ஷன் | இரவு 9:41
அதைத்தான் சொல்றேன், ரேண்டம்னா என்னன்னு முதல்ல...

அகழி முதலை | இரவு 9:42
தம்பி கொஞ்சம் சும்மா இரு.

ஏலகிரி பனி | இரவு 9:50
ஆட்கள் விஷயத்தையும் சொல்லுங்க. சீசரிலும் பழைய ஃபாரோவிலும் ஒரு கட்டடத்துக்கு ஆள் கிடைக்கணும்னா அங்கிருந்து ஒருத்தன் கிளம்பி வீட்டுப் பக்கம் நடக்கணும். களிமண் குழியை ஊருக்கு வெளிய தள்ளி வெச்சா பக்கத்துல நாலு குடிசை போட்டே ஆகணும். 2023ல வந்த புது ஃபாரோவுல, ‘எ நியூ எரா’வுல, ஆட்களை எல்லாம் ஒரே பொதுக் கணக்கா வச்சுக்கலாம். அந்தத் தலைவலி இல்ல. நிம்மதியா ஆடலாம்.

கைலிக்கடை | இரவு 9:54
நிம்மதியா ஆடுறதுக்கு பல்லாங்குழி இருக்கே. அந்த நாலு குடிசையை எங்க வைக்கிறதுன்னு யோசிக்கிறதுதான் கேம். அதோட அந்தப் புது வடிவத்துல சண்டையும் போச்சு. படை தானா மோதிக்குது, நீங்க வேடிக்கை பார்க்கணும். தேர்ப்படையை மேட்டுல நிறுத்தி, வில்லாளியைப் பின்னால வெச்சு ஆடினவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஏலகிரி பனி | இரவு 9:57
சண்டை பழசுலயும் மோசம்தான். சும்மா நினைவுல இனிக்குது.

மக்கன்பேடா | இரவு 10:02
ஃபாரோன்னாலே வெள்ளம்தான்பா அழகு. நைல் ஏறி இறங்கினாத்தான் வண்டல், வண்டல் விழுந்தாத்தான் நெலத்துக்குச் சத்து. அறுவடை வெள்ளத்துக்கு முன்னாடி ஒரே தடவை. உழவனுங்க வேலை முகாம்ல இருந்து நேரத்துக்கு வந்து சேரலைன்னா அந்த வருஷம் பானையில ஒண்ணும் இல்ல. ஒசிரிஸ் சாமிக்குக் கோவம் வந்தா தண்ணி கம்மி. சீசர்ல இன்னா கீது? பண்ணை வை, மாசாமாசம் கதிர் வளரும், தூங்கு.

அகழி முதலை | இரவு 10:08
அந்த வெள்ள விவாதத்துல போன மாசம் நீ வாங்கினது மறந்துடுச்சா? பிரமிடு கட்ட ஆரம்பிச்சதும் அதே வேலை முகாம் ஆட்கள்தான் கல் இழுக்கப் போவாங்க, பண்ணைக்கு வர மாட்டாங்கன்னு நான் சொன்னப்போ "அப்படி எல்லாம் இல்ல"ன்னு நாலு பக்கம் எழுதினே. கடைசியில யார் சொன்னது சரி?

மக்கன்பேடா | இரவு 10:11
முகாம் ரெண்டு சேத்து வச்சா போதும்னு நான்தான் சொன்னேன். பழசைக் கிளறாதே. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு பேர் எடுத்த வேலூர்க்காரன் எங்களுக்கு நைல் பாடம் எடுக்க வந்துட்டான்.

அகழி முதலை | இரவு 10:15
1981லயே ஜலகண்டேஸ்வரரை உள்ள கொண்டுவந்து வெச்சாச்சு, நீ இன்னும் பழைய பழமொழியே பாடிக்கிட்டு இரு. பாலாத்துல தண்ணி இல்லையா? 2021 நவம்பர்ல கரை தொட்டு ஓடினப்போ எங்க இருந்தே? உங்க ஆற்காட்டுல என்ன இருக்கு? கோட்டை போச்சு, சுவர் போச்சு, டெல்லி கேட் மட்டும் நிக்குது. ஊரே இல்ல, கேட்ஹவுஸ் மட்டும் மிச்சம். அதான் உனக்கு கேட்ஹவுஸ்னாலே எரியுது.

லாங் பஜார் | இரவு 10:16
😂 இது டாப்பு

மக்கன்பேடா | இரவு 10:20
அந்தக் கோட்டைக்குள்ளதான் 1751ல கிளைவ் அம்பது நாள் தாக்குப் பிடிச்சான். உங்க அகழியில இன்னா பண்றீங்க? முதலைன்னு பேர் வச்சிக்கினா போதுமா?

கைலிக்கடை | இரவு 10:22
கிளைவ் பிரிஃபெக்டா இன்ஜினியரா, அதைச் சொல்லுங்க முதல்ல.

ஏலகிரி பனி | இரவு 10:24
தலைப்பு சீசர் 3.

அகழி முதலை | இரவு 10:33
தலைப்புக்கே வர்றேன். சந்திப்புல என்ன நடக்குதுன்னு கேட்டான்ல, கேளு. சந்திப்புல அவ திரும்புறது பகடை இல்ல, உள்ளே ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு ஆடுறவன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாததை எல்லாம் ரேண்டம்னு சொல்லுவியா? கிரீன் சர்க்கிள்ல நிக்கிற ஆட்டோ எந்தப் பக்கம் போகும்னு உனக்குத் தெரியாது. டிரைவருக்குத் தெரியும்ல?

இன்னொண்ணு, பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் தனித்தனியா சந்து போட்டு உள்ள தள்ளி வைக்கிறீங்க பாருங்க, அதுதான் பெரிய பாவம். வளையத்தோட உள்பக்கம் வெறுமையாக் கிடக்கும்ல, அங்க கட்டடங்களை முதுகோட முதுகா வைங்க, வாசல் வளையத்தைப் பார்க்கட்டும். வெளிப்பக்கம் ரெண்டு வரிசை வீடு. முதல் வரிசை ரோட்டை ஒட்டி, 2க்கு 2 வீடுன்னா அந்த ரெண்டு டைல் எட்டுறதுக்கு அதுவே போதும். பின்வரிசைக்குச் சேவை எட்டாது, அங்க தோட்டம் போடு, நிலத்தோட மதிப்பு ஏறும். ஃபவுண்டனை மூலையில வைக்காதே. நாலு டைல் சுத்தளவு மட்டும்தான், பாலைவன ஊர்னா மூணு. ரிசர்வாயர் குழாய் எட்டுற பத்து டைலுக்குள்ள இருந்தாத்தான் அதுல தண்ணியே வரும்.

காட்பாடி ஜங்ஷன் | இரவு 10:37
அண்ணே, "ரெண்டு வரிசை வீடு"ன்னு சொல்லிட்டு அடுத்த வரியில பின்வரிசைக்குத் தோட்டம்னு சொல்றீங்க.

அகழி முதலை | இரவு 10:38
வரிசைக்கு இடம்னு சொன்னேன். புரிஞ்சவனுக்குப் புரியும்.

மக்கன்பேடா | இரவு 10:44
உள்ளே கணக்கு கீதாம், ஆனா நமக்குத் தெரியாதாம். நைனா, ஆடுறவன் நான். எனக்குத் தெரியலைன்னா எனக்கு ரேண்டம்தான். டிரைவருக்குத் தெரிஞ்சு இன்னா பண்றது, வண்டியில ஏறினவன் நானு.

காட்பாடி ஜங்ஷன் | இரவு 10:45
இதைத்தான் நான் ஒன்பது மணியில இருந்து...

அகழி முதலை | இரவு 10:47
எமனேறும் பரியே. நாளைக்கு 50 டைல் வளையத்தோட சேவ் ஃபைல் ஏத்துறேன். அஞ்சு வருஷம் ஓட விடு. ஒரு வீடு இறங்கினா பேரை மாத்திக்கிறேன்.

மக்கன்பேடா | இரவு 10:48
அதுல சந்திப்பு கீதா?

அகழி முதலை | இரவு 10:48
இல்ல. சந்திப்பே போடக்கூடாதுன்னுதானே சொல்றேன்.

மக்கன்பேடா | இரவு 10:49
அப்ப வலதா இடதா?