தீபாவளி, நத்தார், பெருநாள் எண்டு வீட்டுக்குச் சாப்பிட ஆக்களைக் கூப்பிட்டா... உங்கட அனுபவம் என்ன?

கடலோரத் தங்கச்சி, வெள்ளவத்தை

இதை எழுதுவமோ வேண்டாமோ எண்டு கனநாளா யோசிச்சனான், இப்ப நினைச்சாலும் மனசு ஒரு மாதிரித்தான் இருக்கு. ஆனா தீபாவளிக்கு இன்னும் ரெண்டு கிழமைதான், உங்களில கனபேர் வீட்டில சாப்பாடு வைக்கப் போறியள், அதால சொல்லிவிடுறன்.

கல்யாணம் முடிச்சுக் கொழும்புக்கு வந்து எங்களுக்கு முதல் தீபாவளி. காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில நாலாம் மாடி, ரெண்டு அறை வீடு, ஹோலில பத்துப் பேர் நிண்டாலே முழங்கை இடிக்கும். இவற்ற வேலைத்தலத்தில இருந்து ரெண்டு குடும்பம், ஒண்டு சிங்கள ஆக்கள், மற்றது தெஹிவளையில இருக்கிற முஸ்லிம் குடும்பம், பேந்து எங்கட சொந்தக்காரர், முன்வீட்டு அன்ரி, எல்லாமா 14 பேர். நான் 11 வகை சமைச்சனான். இடியப்பம், சொதி, மஞ்சள் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கணவாய் எண்டு போய் அதுக்கு மேல தோசையும், அதுவும் கல்லில இருந்து எடுத்துச் சுடச்சுடத்தான் குடுக்கோணும் எண்டு நானே ஒரு பிடிவாதம். ஊரில அம்மா அப்பிடித்தான் செய்வா, வேற மாதிரிச் செய்யலாம் எண்டு அப்ப எனக்குத் தெரியவே தெரியாது.

ஆக்கள் ஏழு மணிக்கு வந்தவை. கதவடியில நிண்டு "வாங்கோ வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போனனான், பத்தேகாலுக்குத்தான் வெளியில வந்தனான். ஹோலில எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேக்குது, என்னத்துக்குச் சிரிக்கினம் எண்டு எனக்குத் தெரியாது. அந்தச் சிங்கள அக்கா ரெண்டு தரம் குசினி வாசலுக்கு வந்து நிண்டவ, ரெண்டு தரமும் என்ர அரைகுறைச் சிங்களத்தில "ஐயோ நீங்கள் போய் இருங்கோ" எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். தோசைக் கரண்டியால ஹோல் பக்கத்தைக் காட்டினனான், கரண்டி நுனியில மா வழிஞ்சு நிலத்தில சொட்டினது, அவ அதைக் குனிஞ்சு பாத்திட்டுத் திரும்பிப் போனது, எல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது.

அடுத்த கிழமை இவர் வேலையால வந்து மெல்லமாச் சொன்னார். அண்டைக்கு வீட்ட போற வழியில அவ புருசனிட்டக் கேட்டவவாம், "நாங்கள் வந்தது அந்தப் பிள்ளைக்குக் கரைச்சலாப் போச்சோ, ஒரு நிமிசம்கூட எங்களோட வந்து இருக்கேல்லயே" எண்டு. எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. ரெண்டு நாள் நித்திரை முழிச்சுச் சமைச்சதெல்லாம் அவையில இருந்த விருப்பத்திலதான், ஆனா அவ கண்டது முதுகைத்தானே, வேற என்னத்தை அவ நினைக்கிறது?

அதுக்குப் பிறகு வந்த வருசம் எல்லாத்தையும் மாத்தினனான். ஆறே ஆறு வகை: மஞ்சள் சோறு, ஆட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், பப்படம். மோஜுவும் சீனிச் சம்பலும் ரெண்டு நாளைக்கு முதலே செய்து வைக்கலாம், இருக்க இருக்கத்தான் ருசி. இறைச்சியை முதல்நாள் இரவே காய்ச்சிடுவன், ஆறின கையோட பிரிட்ஜுக்குள்ள வச்சிடோணும், கொழும்பு வெக்கைக்கு வெளியில விட்டா விடியப் பழுதாப் போயிடும், அடுத்த நாள் நல்லாக் கொதிக்க வச்சு எடுத்தா யாழ்ப்பாணத் தூள் இறைச்சிக்குள்ள இறங்கி அண்டைக்குக் காய்ச்சின கறியை விட வடிவா இருக்கும். சோறு ரைஸ் குக்கரில சூடாவே இருக்கும். ஆறரைக்குக் குசினி லைற்றை நூத்துப்போடுவன், உண்மையாவே நூத்துப்போடுவன், இல்லாட்டி கால் தன்ர பாட்டில அங்க போகுது.

எங்கட மாமி கேதார கௌரி விரதம் பிடிக்கிறவ. 21 நாளும் மரக்கறிதான், ஐப்பசி அமாவாசையில காப்புக் கட்டித்தான் முடிப்பா, அது சில வருசம் தீபாவளியண்டே வரும், சில வருசம் அடுத்த நாள். அடுத்த நாளெண்டா தீபாவளியண்டு மாமிக்கு மீன் இறைச்சி கிடையாது. அதால மரக்கறிக்குச் சட்டி வேற, கரண்டி வேற, யன்னலடியில ஒரு சின்ன மேசையில தனிய வைக்கிறது. தெஹிவளைக் குடும்பத்துக்கு இறைச்சி எந்த ஹலால் கடையில வாங்கினது எண்டு முதலே போன் எடுத்துச் சொல்லிடுவன். கேக்க அவைக்கும் கூச்சம், கேக்காமல் சாப்பிடவும் ஏலாது, ஏன் அவையை அந்த நிலைமையில வைக்கிறது. மாட்டிறைச்சி எங்கட வீட்டில எப்பவும் இல்லை, அந்தச் சிங்களக் குடும்பமும் சாப்பிடாது, ஆடு எண்டா எல்லாருக்கும் சரி.

அந்த அக்காவும் திரும்ப வந்தவ. வருவாவோ எண்டு எனக்குப் பயம், நானே போன் எடுத்துக் கூப்பிட்டனான். வந்து வழமை மாதிரிக் குசினி வாசலில நிண்டா, இந்த முறை நான் "வாங்கோ அக்கா, இந்தத் தண்ணிப் போத்தலுகளைக் கொண்டுபோய் மேசையில வைப்பமா" எண்டு கேட்டன். அவவின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்கோணும்.

கொட்டாஞ்சேனைக்காரன்

தங்கச்சி, வாசிச்சிட்டு எங்கட வீட்டம்மாட்டயும் காட்டினேன், அவங்க ஒண்டும் பேசாம போனை வாங்கி திரும்ப முதல்ல இருந்து வாசிச்சாங்க.

எங்கட கதை நத்தார் கதை. 24ஆம் திகதி ராத்திரி புனித லூசியாள் பேராலயத்துல நடுச்சாமப் பூசை, அது முடிஞ்சு வந்து படுக்கவே விடிஞ்சிடும், 25 சொந்தக்காரங்களோட போயிடும், அதனால பக்கத்து வீட்டு ஆக்களுக்கு எப்பவும் 26ஆம் திகதி ராத்திரிதான் சாப்பாடு. 2023ல அந்த 26 உந்துவப் போயா, பௌர்ணமி நாள், இறைச்சி விக்க மாட்டாங்க. நான் கலண்டர் பாக்கவே இல்ல. காலைல பையைத் தூக்கிட்டு போனா இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு, அப்பதான் மண்டைல ஏறுது. சரி என்டு முழுக்க மரக்கறியா மாத்தினோம், கஜு கறி, பருப்பு, உருளைக்கிழங்கு பிரட்டல், ஒருத்தரும் குறை சொல்லல.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. எங்களுக்கு மேல் மாடில ஒரு சிங்கள அம்மா, தனியா இருக்காங்க, போயாவுக்கு சில் (பௌத்த ஆக்கள்ட விரதம்) எடுத்தா மறுநாள் விடியும் வரைக்கும் காக்கிறவங்க. பகல் பன்னிரண்டுக்கு பிறகு சாப்பாடு கிடையாது. இது தெரிஞ்சும் ஒரு மரியாதைக்குத்தான் போய் கூப்பிட்டேன், வரமாட்டாங்க என்டுதான் நினைச்சேன். வெள்ளைச் சாரியோட சரியா ஏழரைக்கு வந்துட்டாங்க! எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, சாப்பிடாத ஆளுக்கு என்னத்த குடுக்கிறது. பால் விடாத பிளேன்ரீ ஒண்டு மட்டும் கேட்டாங்க. மேசைல எங்களோடயே இருந்து, எங்கட சின்ன மகளுக்கு பப்படம் உடைச்சு குடுத்துக்கிட்டு, தான் சின்ன வயசுல கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு அம்மாவோட போன கதை எல்லாம் சொன்னாங்க. ஒம்பதரை வரைக்கும் இருந்தாங்க. அதே வீட்டுல ஏழு வருஷமா இருக்கோம், அன்றைக்குத்தான் அவங்க எங்க பிறந்தவங்க என்டே தெரியும்.

இன்னொண்டு, நத்தார் கேக் செய்றவங்க கவனிங்க. ரவை, கஜு, புஹுல் தோசி (நீத்துப்பூசணி இனிப்பு) எல்லாம் சரி, பழங்கள பிரண்டில ஊறப் போட்டா அது முஸ்லிம் வீடுகளுக்கு குடுக்க ஏலாது. நாங்க ஒரு தட்டு பிரண்டி இல்லாம தேனும் ரோஸ் வாட்டரும் மட்டும் போட்டு செய்றோம், அத பச்சை பேப்பர்ல சுத்துவோம், மத்தது சிவப்பு, மாறவே மாறாது.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளை, நீர் எழுதினது மனதைத் தொட்டது, ஆனா ஒரு விசயத்தில நான் உடன்படேல்ல. வந்தவை சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர் சாப்பிடுறது எண்டது எங்கட வழக்கம். என்ர அம்மா கடைசிப் பந்தி எழும்பும் வரைக்கும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கமாட்டா. பரிமாறுறவ நிக்கோணும், அப்பத்தான் ஆரின்ர இலையில என்ன குறையுது எண்டு தெரியும். எல்லாத்தையும் மேசையில வச்சிட்டு எடுத்துச் சாப்பிடுங்கோ எண்டா கூச்சப்படுற ஆக்கள் அரை வயிறோடதான் எழும்பிப் போவினம். அப்பிடி எழும்பிப் போன ஆள் நான். ஒரு வீட்டில மூண்டு கரண்டி சோத்தோட எழும்பினனான், இன்னொருக்கா ஆரும் கேக்கேல்ல, நானா எடுக்கவும் மனம் வரேல்ல.

தெஹிவளை ராத்தா

எங்கட வீட்ல பெருநாளைக்கு சஹன் (பெரிய தட்டு) வைக்கிறதால இந்தப் பிரச்சினையே இல்ல. ஒரு சஹனுக்கு ஆறு பேர், சுத்தி இருந்து ஒரே தட்டுல கை வைக்கிறது, வீட்டுக்காரங்களும் ஆளுக்கொரு சஹன்ல இருந்துடுவோம், அப்பதான் பக்கத்துல இருக்கிற ஆள் இறைச்சிய எடுக்க வெக்கப்படுறது கண்ணுக்கு தெரியும், நாங்களே அவங்க பக்கம் தள்ளி விடுவோம். ஆனா வெளி ஆக்கள் வந்தா முதல்ல கேட்டுக்குங்க, எல்லாருக்கும் ஒரே தட்டுல சாப்பிட்டுப் பழக்கம் இருக்காது. மகன்ட கூட்டாளி ஒருத்தர் வந்து பாவம் கைய மடியில வெச்சுக்கிட்டே இருந்தார், சின்ன மகள்தான் கண்டு ஓடிப்போய் தனிப் பிளேட் கொண்டு வந்து குடுத்தா. அதுக்குப் பிறகு ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். வட்டிலப்பம் மூணு துண்டு.

கடலோரத் தங்கச்சி, வெள்ளவத்தை

ஐயா, நீங்கள் சொல்லுறது சரி, அரை வயிறோட எழும்பிற ஆக்கள் இருக்கினம்தான், அதை நான் யோசிக்கேல்ல. ஆனா நிண்டுகொண்டுதான் பாக்கோணும் எண்டில்லை ஐயா, ராத்தா சொன்ன மாதிரிப் பக்கத்தில இருந்தும் பாக்கலாம். இந்த முறை கறிச் சட்டியை என்ர கதிரைக்குப் பக்கத்தில ஒரு ஸ்டூலில வச்சிட்டு, இருந்தபடியே எல்லாருக்கும் போடப் போறன். மாமி வாசிச்சிட்டு "அது நல்லது" எண்டு சொன்னவ, மாமி லேசில சொல்லமாட்டா.

பப்படம் எப்ப பொரிக்கிறது எண்டு ஒரு ஆள் தனியக் கேட்டிருந்தவ. ஆக்கள் வர ஒரு மணித்தியாலம் முதல் பொரிச்சு, எண்ணெய் வடிய விட்டு, நல்லா ஆறின பிறகு மூடி இறுக்கமான ரின்னில போடுங்கோ. எங்கட பக்கம் கடல் காத்துக்குத் திறந்து வச்சாப் பத்து நிமிசத்தில நமுத்துப் போகும். எங்கட வீட்டில ரின் அந்த அக்காவின்ர கையிலதான், சோறு போட்ட பிறகுதான் திறப்பா.