ஒரே குழு, இரண்டு உளவாளிகள்: ‘இப்கிரஸ் ஃபைல்’ ஏன் பாண்ட் படம் போல இல்லை?

நடுநிசி:

வணக்கம். ‘டாக்டர் நோ’ (1962) முதல் ‘தண்டர்பால்’ (1965) வரை நான்கு பாண்ட் படங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, அதே 1965-இல் வந்த ‘தி இப்கிரஸ் ஃபைல்’ பக்கம் வந்திருக்கிறேன். டைட்டிலில் தயாரிப்பு ஹாரி சால்ட்ஸ்மன், எடிட்டிங் பீட்டர் ஹன்ட், கலை கென் ஆடம், இசை ஜான் பாரி. எல்லாரும் பாண்ட் படத்து ஆட்கள். படமோ வேறு உலகத்தில் இருக்கிறது. பிரேமில் பாதியை ஒரு விளக்கு மூடியோ, கதவு விளிம்போ, யாருடைய தோளோ மறைத்துக்கொண்டே இருக்கிறது. சண்டை வந்தால் கேமரா தள்ளிப் போய் நின்றுகொள்கிறது.

இயக்குநராக சிட்னி ஃப்யூரி வந்ததால் மட்டும் இவ்வளவு வித்தியாசமா? தொழில்நுட்பத்தில் என்ன மாற்றினார்கள்? இதே வகையில் அடுத்து எதைப் பார்க்கலாம்? கூடவே ஒரு சந்தேகம்: டிவியில் படம் சீரியல் போல வழவழவென்று ஓடுகிறது, முகங்கள் மெழுகு பூசிய மாதிரி தெரிகின்றன. பிரிண்ட் அப்படியா, செட்டிங் கோளாறா?

பழையரீல்:

உங்கள் பட்டியலில் ஒரு முக்கியமான பெயர் விட்டுப்போயிருக்கிறது: ஒளிப்பதிவாளர் ஓட்டோ ஹெல்லர். அந்த நான்கு பாண்ட் படங்களுக்கும் டெட் மூர். பாதை பிரிவதே அங்கேதான்.

‘இப்கிரஸ்’ டெக்னிஸ்கோப்பில் எடுத்த படம். சாதாரண 35 எம்எம் கேமராவில் ஒரு பிரேமுக்கு, பிலிம் ஓரத்தில் இருக்கும் துளைகளில் நான்கு துளை அளவு பிலிம் நகரும். டெக்னிஸ்கோப்பில் இரண்டு துளைதான். அதனால் 1000 அடி ரோல் 11 நிமிடத்துக்குப் பதில் 22 நிமிடம் ஓடும், நெகட்டிவ் செலவு பாதி. பிரேம் இயல்பிலேயே அகலமாக, உயரம் குறைவாக விழும். தியேட்டர் பிரிண்ட் போடும்போதுதான் அதை வழக்கமான ஸ்கோப் (அகலத்திரை) அளவுக்கு மாற்றுவார்கள்.

நீங்கள் கேட்ட ‘மறைப்பு’ சாத்தியமானது இதனால்தான். ‘தண்டர்பால்’ பானாவிஷன் அனமார்ஃபிக் லென்ஸில், அதாவது அகலக் காட்சியைப் பக்கவாட்டில் நசுக்கிப் பிலிமில் பதிக்கும் லென்ஸில் எடுத்தது. அனமார்ஃபிக் 50 எம்எம் லென்ஸ் காட்டும் அகலத்தை டெக்னிஸ்கோப்பில் சாதாரண 25 எம்எம் லென்ஸே காட்டிவிடும். குவியதூரம் குறையக் குறைய ஃபோகஸ் ஆழம் கூடும். அந்தக் காலத்து அனமார்ஃபிக் லென்ஸ்களால் கிட்டத்தில் இருக்கும் பொருளைச் சரியாகப் பிடிப்பது கடினம். 25 எம்எம் சாதாரண லென்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. கேமரா முன்னால் கையெட்டும் தூரத்தில் ஒரு விளக்கு மூடி, அதற்குப் பின்னால் மேஜை, அதற்கும் பின்னால் கதவருகே ஒரு ஆள். மூன்றையும் ஓரளவு தெளிவாகவே வைத்துக்கொள்ளலாம். அனமார்ஃபிக்கில் இதே ஷாட்டை வைத்தால் விளக்கு மூடி வெறும் கலங்கல் நிறமாகிவிடும். மறைப்பதும் உறுத்த வேண்டும் என்றால் மறைக்கும் பொருள் என்னவென்று தெரிந்தாக வேண்டும்.

இதற்கு விலையும் உண்டு. நெகட்டிவ் பரப்பு பாதி என்பதால் கிரெய்ன் (பிலிமின் மணல் போன்ற பொடிப்புள்ளிகள்) அதிகம். இரண்டு பிரேமுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு, கேமராவில் பிலிம் ஒளி வாங்கும் சட்டத்தில் (கேட்) ஒரு தூசி ஒட்டினால் படத்துக்குள்ளேயே எட்டிப் பார்க்கும், ஒட்டுப்போட்ட இடமும் தெரியும். டெக்னிகலரின் சாயம் ஏற்றும் முறையில் பிரிண்ட் போட்டபோது, ஸ்கோப்புக்கு மாற்றும் வேலை சாய அச்சு தயாரிக்கும் கட்டத்திலேயே முடிந்துவிடும், நடுவில் ஒரு நகல் மிச்சம். 1970களில் அந்த முறை கைவிடப்பட்டதும் நடுவில் ஆப்டிகல் நகல் ஒன்று தேவைப்பட்டது. பிறகு வந்த பிரிண்ட்கள் மங்கலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அசல் நெகட்டிவிலிருந்தே ஸ்கேன் செய்த பதிப்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

கத்தரி:

லென்ஸ் கணக்கு சரிதான். ஆனால் எடிட்டிங்கையும் பாருங்கள்.

பீட்டர் ஹன்ட் பாண்டுக்குக் கொண்டுவந்த பாணி: ஆள் அறைக்குள் நடந்து வருவது, கதவைச் சாத்துவது எல்லாம் வெட்டு. ஒரு கை ஓங்கப் பாதியிலேயே அடுத்த ஷாட், அங்கே அடி விழுந்தாயிற்று. ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ (1963) ரயில் சண்டையை ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். பின்னணி இசை கிடையாது. சக்கரச் சத்தம், மரப்பலகை மோதும் சத்தம், இரண்டு பேரின் மூச்சு. விளக்கு உடைந்ததும் நீல வெளிச்சம் மட்டும். குறுகிய பெட்டிக்குள் நாம் மூன்றாவது ஆளாக மாட்டிக்கொள்கிறோம்.

இப்போது ‘இப்கிரஸ்’ஸில் ராயல் ஆல்பர்ட் ஹால் வாசற்படிச் சண்டை. கேமரா ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் இருக்கிறது. கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு சின்ன உருவங்கள் அடித்துக்கொள்கின்றன. குளோஸப் இல்லை, அடி விழுந்ததா என்றே சரியாகத் தெரியாது. அதே ஹன்ட் அங்கே கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். ரயில் சண்டையைத் துண்டு துண்டாக வெட்டியவரே இதைத் தொடாமல் விட்டிருக்கிறார் என்றால், இந்தப் படத்துக்கு எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எடிட்டிங் பழக விரும்புகிறவர்கள் இந்த இரண்டு சண்டைகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஹன்டே இயக்கிய ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ (1969) அந்த வேகத்தின் உச்சம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கென் ஆடமுக்கும் இதே கதை. ‘கோல்ட்ஃபிங்கர்’ (1964) ஃபோர்ட் நாக்ஸ் உட்புறத்தை யாரும் பார்க்க அனுமதிக்கவில்லை. அவர் கற்பனையில் தங்கக் கட்டிகளைக் கூரைவரை அடுக்கினார். நிஜத்தில் அந்த எடைக்கு அப்படி அடுக்கவே முடியாது. ‘இப்கிரஸ்’ஸில் அவர் செய்தது பழுப்பேறிய அலுவலகம், கோப்பு, மேஜை. இரண்டு அதிகாரிகளுக்கு நடுவில் சிக்கிய கதாநாயகன் பாமர் ரகசியம் பேசும் இடம் சூப்பர் மார்க்கெட், தள்ளுவண்டிகளோடு டின்கள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால். பாமர் சமையல் செய்யும் காட்சியில் முட்டை உடைக்கும் கைகள் மைக்கேல் கெய்னுடையவை அல்ல, மூல நாவலாசிரியர் லென் டெய்டனுடையவை. நாவலில் கதாநாயகனுக்குப் பெயரே கிடையாது, ஹாரி பாமர் என்பது படத்துக்காக வைத்தது.

இசை பற்றிச் சுருக்கமாக: பாண்டுக்குப் பித்தளை வாத்தியங்களை முழங்க வைத்த ஜான் பாரி இங்கே சிம்பலோம் என்ற தந்தி வாத்தியத்தைத் தட்டவிட்டார். தனியாக ஒருவன் நடப்பது போன்ற சத்தம் அது.

மூன்றாம்வரிசை:

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் காரணத்தைப் பின்னாலிருந்து பிடிக்கிறீர்கள் என்பது என் எண்ணம். முதல் கேள்வி, பார்வையாளருக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான். கேமரா அதற்குப் பிறகு.

‘ஃப்ரம் ரஷ்யா’வில் பாண்ட் திரைக்கு வருவதற்கு முன்பே எதிரியின் திட்டம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும், அதனால் ரயிலில் எதிரி அவனோடு உட்கார்ந்து சாப்பிடும்போது நமக்குப் பதறுகிறது. ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) இதே வழிதான். கேப்லன் என்ற உளவாளியே கிடையாது என்று உளவுத்துறை அதிகாரிகள் பேசிக்கொள்வதை நாம் கேட்டுவிடுகிறோம். கதாநாயகன் அதை அறியாமல் அவனைத் தேடிக்கொண்டு வயல்வெளிக்குப் போகிறான். அந்த விமானத் துரத்தல் முழுக்க பெர்னார்ட் ஹெர்மன் இசையே போடவில்லை, விமானம் டேங்கர் லாரியில் மோதிய பிறகுதான் இசை எழும். எல்லாம் வெட்டவெளி, எல்லாம் தெளிவு. ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு இல்லை என்பதே பயம்.

‘இப்கிரஸ்’ஸில் பெரும்பாலும் பாமருக்குத் தெரிந்தது மட்டுமே நமக்கும். கடைசியில் இரண்டு அதிகாரிகள் எதிரே நிற்க, கையில் துப்பாக்கியோடு யாரை நம்புவது என்று அவன் திணறும்போது நாமும் திணறுகிறோம். அந்தக் கதைக்கு மறைப்புள்ள பிரேம் தானாக வந்து சேரும். டெக்னிஸ்கோப் இல்லாமலே இதைச் செய்ய முடியும் என்பதற்கு ‘தி தேர்ட் மேன்’ (1949): கிட்டத்தட்ட சதுரமான பிரேம், கறுப்பு வெள்ளை, ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கரின் சாய்ந்த கோணங்கள். யாரை நம்புவது என்று தெரியாத ஊரில் தரையும் சரிந்துதான் தெரிகிறது. நம் பக்கத்தில் எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954) இருக்கிறது. பாட்டே இல்லாமல், ஆளுக்கொரு வாக்குமூலமாக, தகவலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்த படம். உளவுக் கதை எழுத நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

பழையரீல்:

ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கதை கேட்டதைக் கொடுக்கக் கருவி இருந்தாக வேண்டும். இதே கதையை ‘தண்டர்பால்’ லென்ஸ்களில் எடுத்திருந்தால் ஃப்யூரி அந்த ஷாட்களில் பாதியை விட்டுவிட்டிருக்க வேண்டும்.

அடுத்து என்ன என்று கேட்டிருந்தீர்கள். ‘ஃப்யூனரல் இன் பெர்லின்’ (1966) அதே பாமர், அதே ஹெல்லர், அதே கென் ஆடம். இயக்குநர் ‘கோல்ட்ஃபிங்கர்’ எடுத்த கை ஹாமில்டன். பிரேம் மறுபடி ஒழுங்காகிவிடுவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு அதுவே பதில், இயக்குநர் மாறினால் வித்தியாசம் வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன் ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ (1965) பார்த்துவிடுங்கள். மார்ட்டின் ரிட் இயக்கம், ஆஸ்வால்ட் மோரிஸ் ஒளிப்பதிவு, ரிச்சர்ட் பர்ட்டன். பெர்லின் எல்லைச் சாவடியை டப்ளினில் செட் போட்டு எடுத்தார்கள். தரையின் ஈரத்தில் விளக்கு வெளிச்சம் விழுவதைக் கவனியுங்கள், கறுப்பு வெள்ளையில் அவ்வளவு குளிரை வேறு எந்த உளவுப் படமும் காட்டவில்லை.

கத்தரி:

டிவி பிரச்சினைக்கு வருகிறேன். கோளாறு செட்டிங்கில்தான்.

சீரியல் போல ஓடுவது மோஷன் ஸ்மூதிங். நொடிக்கு 24 பிரேம் படத்துக்கு நடுவில் டிவியே போலி பிரேம்களைச் செருகுகிறது. கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், ‘மோஷன்’ என்று வரும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃபில்ம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டால் பெரும்பாலும் முடிந்தது. மெழுகு முகத்துக்குக் காரணம் நாய்ஸ் ரிடக்ஷன். டெக்னிஸ்கோப் கிரெய்னை இரைச்சல் என்று நினைத்துத் துடைக்கிறது, கூடவே தோலின் நுணுக்கமும் போகிறது. அதை அணையுங்கள், ஷார்ப்னஸையும் நன்றாகக் குறையுங்கள். அப்படியும் முகம் மெழுகாகவே இருந்தால் டிஸ்க்கிலேயே துடைத்துவிட்டார்கள், வேறு பதிப்பு தேடுவதுதான் வழி.

அடுத்து பிரேம் அளவு. 2.35:1 படம் 16:9 திரையில் மேலும் கீழும் சுமார் 12 சதவீதக் கறுப்புப் பட்டையோடு வர வேண்டும். பட்டையே இல்லாமல் திரை நிரம்பினால் படத்தின் பக்கவாட்டில் ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. பழைய 4:3 பதிப்பென்றால் 43 சதவீதம். ‘இப்கிரஸ்’ஸில் விஷயமே ஓரத்தில்தான் இருக்கிறது, தோள் ஒரு ஓரம், முகம் மறு ஓரம். ஓவர்ஸ்கேனும் அணைந்திருக்கிறதா பாருங்கள், அதுவும் விளிம்பைத் தின்னும். முதல் மூன்று பாண்ட் படங்கள் சுமார் 1.66:1, அவற்றுக்குப் பக்கவாட்டில் மெல்லிய பட்டை வந்தால் அது சரிதான்.

பழைய PAL (நொடிக்கு 25 பிரேம் ஓடும் டிவி முறை) டிவிடி என்றால் இன்னொன்று உண்டு. 24 பிரேமை 25-ஆக ஓட்டுவார்கள், 120 நிமிடப் படம் 115-இல் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் ஒரு அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும், சிம்பலோம் மெலிந்து கேட்கும். ப்ளூ-ரே 24 பிரேமிலேயே ஓடும் என்பதால் இந்தத் தொல்லை வராது.

நடுநிசி:

மோஷன், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டும் ஆனில் இருந்தன, அணைத்தாயிற்று. பட்டையும் இல்லை, பிக்சர் சைஸ் ‘ஜூம்’ என்று இருந்தது. அதை மாற்றியதும் தொலைபேசிக் கூண்டுச் சண்டையில் இடது ஓரச் சட்டம் முழுசாகத் தெரிகிறது. ‘ஸ்பை ஹூ கேம் இன்’ பார்த்துவிட்டு எழுதுகிறேன். மூன்றாம்வரிசை சார், ‘அந்த நாள்’ பற்றித் தனி இழை தொடங்க முடியுமா?