பனிச்சறுக்கு இதயத்துக்கு நல்ல பயிற்சியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து:

போன ஜூலையில் (இங்கே அப்போது குளிர்காலம்) குடும்பத்தோடு லெசோத்தோ மலையில் உள்ள ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்துக்குப் போனோம். கடலோரத்திலேயே வளர்ந்த எனக்கு 3,000 மீட்டருக்கு மேலே ஏறியது அதுதான் முதல் தடவை. வயது 46. வாரம் நாலு நாள் கடற்கரையில் வேகமாக நடக்கிறவள், அந்தத் தைரியத்தில் பலகையை மாட்டினேன்.

முதல் ஒரு மணி நேரம் முழுக்க விழுவதும் எழுவதும்தான். விழுந்தால் இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, முழங்காலை மடக்கி, கம்பை ஊன்றி எழ வேண்டும். பாதி எழும்போதே பலகை நழுவும். மூன்றாவது தடவை எழுந்து நின்றபோது கைக்கடிகாரத்தில் துடிப்பு 158. 220-இல் வயதைக் கழித்தால் என் உச்சம் தோராயமாக 174. அப்படியென்றால் 90 விழுக்காட்டைத் தொட்டிருக்கிறேன்! மத்தியானம் கொஞ்சம் பழகி, வளைந்து வளைந்து இறங்கியபோது 125, 130. சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கு வரிசையில் நின்றால் 105.

தொடைதான் தாங்கவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வெறுங்காலில் நடந்திருக்கிறேன், அப்போதுகூட இப்படி எரிந்ததில்லை. அந்த 158 பயிற்சியால் வந்ததா, உயரத்தால் வந்ததா?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

அக்கா, இரண்டும்தான். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதே வேலைக்கு இதயம் அதிகமாக அடித்தாக வேண்டும். டர்பனில் வரும் 158-ஐயும் அங்கே வந்த 158-ஐயும் ஒன்றாக வைக்காதீர்கள்.

நான் ஆபீஸ் வேலையாக ஒஸ்லோவில் ஒரு குளிர்காலம் இருந்தேன். அங்கே மெட்ரோ ரயிலிலேயே பலகையைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் போய் இறங்குவார்கள். நான் பழகியது கிராஸ் கன்ட்ரி. லிஃப்ட் கிடையாது, மேட்டையும் நாமே ஏற வேண்டும். கால் தள்ள, கை கம்பை ஊன்றி இழுக்க, வயிறும் முதுகும் சேர்ந்து உழைக்கும். இருபது நிமிடத்தில் உள்பனியன் நனைந்துவிடும், வெளியே மைனஸ் 8. பயிற்சி அளவை மெட் கணக்கில் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி 1. மலைச்சரிவில் மிதமாகச் சறுக்குவது 5 சொச்சம், முழுமூச்சாக இறங்கினால் 8. கிராஸ் கன்ட்ரி நடுத்தர வேகத்திலேயே 9. இதயத்துக்காக என்று கேட்டால் என் ஓட்டு அதற்குத்தான். நம் ஊரில் அதற்கு வழியில்லை என்பது வருத்தம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். தொடை எரிந்ததற்குக் காரணம் சொல்கிறேன் அம்மா. சறுக்கும்போது முழங்காலை மடக்கியபடியே தசையை இறுக்கிப் பிடிக்கிறோம். இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது, பிரஷரும் ஏறும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் இன்னும் கொஞ்சம் ஏறும். நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் மாரடைப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று நமக்கே தெரியும். நாற்பது தாண்டியவர்கள் பரிசோதித்துக்கொண்டு போங்கள். ஆறு வாரம் முன்னாலிருந்தே படி ஏறுங்கள், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்கார்ந்து பழகுங்கள்.

இன்னொன்று. பிரஷருக்குக் கொடுக்கும் அடினோலோல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, மாத்திரை பிடித்து வைத்திருக்கும். அவர்கள் கடிகாரத்தை நம்பக் கூடாது. பேச முடிகிறது, பாட மூச்சு இல்லை என்றால் மிதமான பயிற்சி. நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லையென்றால் கடுமையானது, நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து மறுபடியும்:

இதைப் படித்ததும் பகீரென்றது. எங்கள் அப்பாவுக்கு 71 வயது. பேரப்பிள்ளைகளின் சறுக்கு வண்டியைக் கயிற்றில் கட்டி மேட்டில் நாலைந்து தடவை இழுத்தார். அவர் கடிகாரத்தில் 96-தான். "தாத்தா இதயம்தான் உறுதி" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் இடையிடையே நின்று, ஒன்றும் பேசாமல், கையை மட்டும் ஆட்டினார். இப்போது மாத்திரை டப்பாவை எடுத்துப் பார்த்தேன், அடினோலோல்தான். வரும் ஜூலைக்கு அறை பதிவு செய்தாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் வேலையாக அவரை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.