மடிக்கணினிக்கு 8 ஜிபி ராம்: எந்த டிடிஆர்3 ஆனாலும் சேருமா?

வைகைக்கரை:
வணக்கம். என் மடிக்கணினியில் இன்டெல் கோர் ஐ5-4210யூ ப்ராசஸரும் 4 ஜிபி ராமும் உள்ளன. பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எக்செல் கோப்பைத் திறந்தால் போதும், ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்ததில், இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று காலியாக இருக்கிறது. நண்பர் ஒருவர் தம் பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த 8 ஜிபி டிடிஆர்3 ராமைத் தருவதாகச் சொல்கிறார். கடைக்காரரும் "டிடிஆர்3 என்றால் எதுவும் சேரும்" என்கிறார். என் பழைய ராமின் ஸ்டிக்கரில் "4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்" என்று அச்சிட்டிருக்கிறது. நண்பர் தருவதை வாங்கி மாட்டலாமா?

பழுதுபார்ப்பவன்:
அவசரப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டிய விடை அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. 12800 என்பது நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற கணக்கு. அதை 8ஆல் வகுத்தால் 1600 என்ற வேகம் கிடைக்கும். கடைசியில் உள்ள 'எஸ்' மடிக்கணினிக்கான சிறிய வடிவத்தைக் குறிக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது 'எல்' என்ற எழுத்தை. அது இருந்தால் ராம் 1.35 வோல்ட்டில் இயங்கும், இல்லாவிட்டால் 1.5 வோல்ட் கேட்கும். உங்கள் ப்ராசஸர் 1.35 வோல்ட் ராமை மட்டுமே ஏற்கும். இரண்டு வகைக்கும் 204 பின்கள்தான், நடுவிலுள்ள வெட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பதால், தவறான ராமும் ஸ்லாட்டில் அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் கணினி தொடங்காது. கடைக்காரர் 'சேரும்' என்றது ஸ்லாட்டோடு சேருவதை மட்டும்தான் போலும்.

சூடுபட்ட பூனை:
மேலே சொன்னதோடு இன்னொன்றையும் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற நான்காம் தலைமுறை மடிக்கணினிக்கு, 'எல்' இருப்பதை உறுதி செய்துகொண்டே நான் ஒரு 8 ஜிபி ராம் வாங்கினேன். மாட்டியதும் விசிறி சுழன்றது, திரையோ இருண்டே கிடந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: அதில் "1ஆர்எக்ஸ்8" என்று போட்டிருந்தது. அதாவது, ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட் (1 ஜிபி) கொண்ட எட்டே சில்லுகளில் 8 ஜிபியை அடக்கியிருந்தார்கள். அத்தகைய சில்லுகளை இன்டெல் ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. நமக்கு வேண்டியது 4 ஜிகாபிட் சில்லுகள் பதினாறு கொண்ட "2ஆர்எக்ஸ்8". பணம் கொடுக்கும் முன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. நண்பர் அனுப்பிய படத்தில் "8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800எஸ்" என்று உள்ளது, 'எல்' இல்லை. ஆகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதிதாக 8 ஜிபி வாங்கினால், பழைய 4 ஜிபியையும் உடன் வைத்துக்கொள்ளலாமா?

பழுதுபார்ப்பவன்:
தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு ராம்களிலும் நான்கு நான்கு ஜிபி இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரு வழிகளில் வேகமாக இயங்கும், மிச்சமுள்ள 4 ஜிபி ஒற்றைச் சேனலில் இயங்கும். அன்றாட வேலையில் வேறுபாடு தெரியாது. உங்கள் ப்ராசஸர் 16 ஜிபி வரை தாங்கும். ஆனால் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ராமைச் சாய்வாக நுழைத்து, தங்கநிற விளிம்பு ஏறக்குறைய மறைந்த பிறகே கீழே அழுத்துங்கள். இருபுறக் கொக்கிகளும் 'டக்'கென்று பிடிக்க வேண்டும். அன்றிரவு, ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+ஐ ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு பிழை காட்டினாலும் ராமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை:
64 பிட்தான். 'பிசி3எல்', '2ஆர்எக்ஸ்8' இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு நாளை கடைக்குப் போகிறேன்.