தங்கச்சியின் வில்லிபிராண்ட் அளவு முதலில் 41, பிறகு 72. எதை நம்புவது?

ஹட்டன்காரன்:
தங்கச்சிக்கு 19 வயது. மாதவிடாய் வந்தால் எட்டு, ஒன்பது நாளைக்கு நிற்காது. பல் துலக்கினாலே ஈறில் ரத்தம். டொக்டர் வொன் வில்லிபிராண்ட் காரணியை, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதத்தின் அளவை, பார்க்கச் சொன்னார். இங்கேயே ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு அனுப்பினார்கள், 41 வந்தது. ரிப்போர்ட்டில் 50 முதல் 200 வரை சரி என்று போட்டிருக்கிறது. இரண்டு மாதம் கழித்துக் கண்டிக்கே போய்க் கொடுத்தோம், 72. அம்மா "அதான் சரியாகிவிட்டதே" என்கிறார். அடுத்த மாதம் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். அவளுக்கு ஓ பாசிட்டிவ்.

லேப்காரன்:
தம்பி, கண்டிக்குப் போன அன்று அவள் எப்படி இருந்தாள்? காய்ச்சல், தடிமன் ஏதாவது?

ஹட்டன்காரன்:
தடிமன் இருந்தது அண்ணே. பஸ் லேட், இறங்கி ஓடினோம். ஊசியைக் கண்டதும் அழுகை வேறு.

லேப்காரன்:
அப்போ 72-ஐ நம்ப முடியாது. நோய், ஓட்டம், பயம் மூன்றுமே இந்தப் புரதத்தை ஏற்றிவிடும். 41-இலும் சந்தேகம்தான். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை, பிரித்து உறைய வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

ஓ வகை ரத்தத்தில் மற்றவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருக்கும். அதற்காக "ஓ தானே" என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் போவது ரிப்போர்ட்டைப் பார்த்துப் போவதில்லை!

பண்டாரவளை அக்கா:
எனக்கும் இதே குறைதான். பிள்ளை வயிற்றில் இருந்தபோது அளவு தானாக ஏறியது, குணமாகிவிட்டது என்று நினைத்தேன். பெற்ற பிறகு மளமளவென்று இறங்கி, இரண்டாம் வாரம் படாத பாடு பட்டேன். வயது போகப் போகவும் ஏறுமாம். தங்கச்சி மாதவிடாய்க்கு ஹோர்மோன் மாத்திரை எடுக்கிறாளா? ஈஸ்ட்ரோஜன் உள்ளதும் ஏற்றும்.

ஹட்டன்காரன்:
இல்லை அக்கா. அப்போ மறுபடியும் டெஸ்டா?

லேப்காரன்:
ஆமாம். தடிமன் விட்டு சில வாரம் போகட்டும். அரை மணி நேரம் உட்கார வைத்து, சோதிக்கிற இடத்திலேயே ரத்தம் எடுங்கள். டொக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டி, ஓடியதையும் ஐஸையும் சொல்லுங்கள். அதுவரை பல்லில் கை வைக்க வேண்டாம். பல் டொக்டருக்கும் முன்கூட்டியே தெரியட்டும், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் தேவையா என்று அவர்கள் பேசி முடிவு செய்வார்கள். வலிக்கு அஸ்பிரின், இபுபுரோஃபன் கொடுக்காதீர்கள். பனடோல் போதும்.

ஹட்டன்காரன்:
சரி அண்ணே, முதல் நாளே போய்க் கண்டியில் சித்தி வீட்டில் தங்குகிறோம். இப்போதுதான் அவள் பல்வலிக்குப் போடும் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். இபுபுரோஃபன். ஒரு வாரமாக எடுக்கிறாளாம்.

லேப்காரன்:
நிறுத்தச் சொல்லுங்கள். இதையும் டொக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.