புதுப்பிப்பு: ஆபீஸிலேயே தங்கியிருந்தேனே, அது பற்றி

அட்வான்ஸ் கட்ட வழியில்லாமல் கிண்டி ஆபீஸிலேயே நான்கு மாதமாக ரகசியமாகப் படுத்துக்கொள்கிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன்.

மாட்டவில்லை, நானே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வாட்ச்மேன் அண்ணனுக்கு முதல் வாரமே தெரியுமாம். டிராயரில் ஈர டூத்பிரஷைப் பார்த்திருக்கிறார். “தம்பி, ஏதாவது ஆச்சுன்னா என் வேலைதான் போகும்” என்றார். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். நான் பார்த்த வீடுகளிலோ பத்து மாதம் கேட்டார்கள்.

சரி, இப்போது திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டில். நேற்று சட்டையைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டேன். இத்தனை நாளும் சர்வர் ரூமில் ஒளித்துத்தான் உலர்த்தினேன்.